கொம்புச் சீப்பு

குளிப்பாட்டி முடித்துப் புதுப் புடவையைச் சுற்றிவிட்டு, "தல வாரணும், ஒரு சீப்பு எட்த்துகினு வாம்மா" என்றாள் பக்கத்து வீட்டு வடிவு. தெரசாவின் உடலைச் சுற்றி மறைப்பாகப் பிடித்திருந்த பழைய புடவையின் முனையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஜெயகுமாரி உள்ளே போனாள்.

சீப்பு கூடத்துக் கண்ணாடியின் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. பச்சை நிற பிளாஸ்டிக் சீப்பு. தெரசா தினமும் தலை வாரியது அதில்தான். இரண்டு மூன்று முடிகள் இன்னும் பல்லில் சுற்றிக்கொண்டிருந்தன. ஜெயகுமாரி அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. அதைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள்.

அங்கே நேற்று விரித்த செய்தித்தாள் தரையில் அப்படியே கிடந்தது. அதன்மேல் பண்டிகைக்குச் சுருட்டி வைத்த கல்கல் பலகாரம், பொரிக்காமல், இரண்டு குவியலாக. பக்கத்தில் ஈரத்துணி போர்த்திய மாவுச் சட்டி. சட்டிக்கு அண்டையில் ஒரு கைக்குட்டையில் சுற்றியபடி இருந்தது தெரசாவின் கொம்புச் சீப்பு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்மஸ். வாசலில் கட்டியிருந்த காகித ஸ்டாருக்குள் எரிந்த பல்பை நேற்று சாயங்காலமே யாரோ கழற்றிவிட்டார்கள். குடிலுக்கு வாங்கிய வைக்கோல் கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடந்தது.

ஆவடியில் இந்த வீட்டுக்கு ஜெயகுமாரியைக் கொடுத்தபோது, மாமியார் இல்லாத வீடு என்று அவளுடைய அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். மாமியார் இல்லைதான். ஓரகத்தி இருந்தாள். மூத்தவர் ஆரோக்கியசாமியின் மனைவி தெரசா. தாயில்லாப் பிள்ளையாக நின்ற கொழுந்தன் அருள்தாஸுக்குப் புதுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, டாங்க் ஃபாக்டரியில் வேலைக்குச் சேரும்வரை சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள். ஊரே மெச்சியது. ஜெயகுமாரியும் வாயால் மெச்சினாள். ஆனால் "தாஸு, சாப்ட்டியா?" என்று தெரசா கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்றது. கட்டிக்கொண்டவள் 'இன்னாங்க' என்று கூப்பிட வேண்டும், பெயரைச் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட இன்னொருத்தி இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

வருஷம் முழுக்க இது உள்ளே புகைந்துகொண்டிருக்கும். டிசம்பரில் பற்றிக்கொள்ளும். காரணம் கல்கல்.

தேங்காய் துருவிப் பால் பிழிவது ஜெயகுமாரி. ரேஷன் சர்க்கரையைப் பொடித்து, மைதாவில் முட்டையும் பாலும் ஊற்றித் தோள் வலிக்கப் பிசைவது ஜெயகுமாரி. மாவு ஊறியதும் எல்லோரும் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு முள்கரண்டியின் முதுகில் சின்னச் சின்ன உருண்டையை அழுத்திச் சுருட்டுவார்கள். கோடு விழுந்த சோழியாக அது கீழே விழும். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வெந்துகொண்டே பொரிப்பதும், பாகு காய்ச்சிப் புரட்டுவதும் மறுபடியும் ஜெயகுமாரிதான். தெரசா செய்தது சுருட்டுவது மட்டும். அதையும் அவள் முள்கரண்டியில் செய்யமாட்டாள். பீரோவிலிருந்து கொம்புச் சீப்பை எடுத்துவந்து, துடைத்து, அதன் பல்லில் வைத்துச் சுருட்டுவாள். அவள் கல்கலில் கோடுகள் நூல் நூலாக விழும். டின்னைத் திறந்தால் எது யார் கை என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடலாம்.

அருள்தாஸ் தடவியேதான் எடுப்பான். டின்னுக்குள் கையை விட்டுத் துழாவி, நூல்கோடு போட்டதாகப் பொறுக்கித் தின்பான். முள்கரண்டியில் சுருட்டியவை விருந்தாளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகும். முதல் கிறிஸ்மஸில் ஜெயகுமாரி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். ஒரே மாவு, ஒரே எண்ணெய், ஒரே பாகு, இதில் பொறுக்கித் தின்ன என்ன இருக்கிறது என்றாள்.

"இல்ல ஜெயா, அண்ணியோடது வேற" என்றான் அவன், வாயில் அதை வைத்துக்கொண்டே.

அன்றிலிருந்து நூல்கோடு போட்ட கல்கல் ஒன்றைக்கூட அவள் வாயில் வைத்ததில்லை. வைராக்கியம் என்று வெளியே சொல்லிக்கொண்டாள். வயிற்றெரிச்சல் என்பது அவளுக்கே தெரியும்.

அந்தச் சீப்பை அவள் ஒரே ஒரு முறை கையில் எடுத்திருக்கிறாள். கல்யாணமான மறுவருஷம், தானும் அதில் ஒன்று சுருட்டிப் பார்க்கலாமே என்று நீட்டிய கையிலிருந்து தெரசா அதை மெல்ல வாங்கிக்கொண்டாள். கோபமாக எல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டுதான். "உனுக்கு முள்கரண்டியே நல்லா வருதும்மா. இது தாஸு சின்னப்புள்ளையா இருக்கசொல்லோ வேளாங்கண்ணி திருவிழால வாங்கினு வந்தது. பல்லு ஒடஞ்சா மனசு கேக்காது" என்றாள். தலைக்கென்று வாங்கி வந்ததை, உடைந்துவிடும் என்று தலையில் வைக்காமலே பத்திரப்படுத்தி, கடைசியில் கல்கலுக்கு மட்டும் எடுக்கிறாள் என்று ஆரோக்கியசாமி பெருமையாகக் கதை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயகுமாரி எழுந்து போய் எண்ணெய் காய்கிறதா என்று பார்த்தாள். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

நேற்று மத்தியானமும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சுருட்டினார்கள். நடுவில் தெரசா நெஞ்சைத் தடவிக்கொண்டு, வாயு பிடித்த மாதிரி இருக்கிறது, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்றாள். போவதற்கு முன் சீப்பைத் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். மீதி வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ப் படுக்கிறாள் பார் என்று ஜெயகுமாரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கைக்கெட்டும் தூரத்தில் சீப்பு கிடந்தது, அதைத் தொடவும் இல்லை. முள்கரண்டியிலேயே சுருட்டிக்கொண்டிருந்தாள். டீ போட்டு எடுத்துக்கொண்டு போனபோது தெரசா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தாள்.

இப்போது குனிந்து கைக்குட்டையைப் பிரித்தாள். சீப்பு வழவழவென்று தேன் நிறத்தில் இருந்தது. பல்லின் அடியில் நேற்றைய மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

இது இனி தெரசாவின் மகள் ஞானகுமாரிக்குப் போகும். அடுத்த வருஷம் அவள் உட்கார்ந்து சுருட்டுவாள். அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்பார்கள். அருள்தாஸ் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவுவான், கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்பான். ஆள் மண்ணுக்குள் போன பிறகும் தெரசா அந்த டின்னுக்குள் உட்கார்ந்திருப்பாள். உயிரோடிருந்தவளோடு போட்டி போடவே முடியவில்லை, செத்தவளோடு எங்கே போட்டி போடுவது?

இறந்தவர் தலையில் பட்ட சீப்பை வீட்டில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அவளுடைய அப்பா போனபோது பார்த்திருக்கிறாள்.

"இன்னாம்மா, சீப்பு கெடைக்கலியா?" என்று வடிவு வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"கெட்ச்சிருச்சிக்கா" என்று ஜெயகுமாரி எழுந்தாள்.

வாருவதற்கு அவளே உட்கார்ந்தாள். ஈரம் காயாத முடி, காதோரம் மட்டும் நரைத்தது. கொம்புச் சீப்பின் பல் நெருக்கமாக இருந்ததால் சிக்கு எடுக்க நேரம் பிடித்தது. இழுத்துவிடக் கூடாது என்று நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாரினாள். செத்தவளுக்கு வலிக்கவா போகிறது. ஆனாலும் கை அப்படித்தான் போனது. வகிடு எடுத்துப் பின்னி முடித்துச் சீப்பை மடியில் வைத்தபோது அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இத்தனை பேர் அழுகிற இடத்தில் நமக்கு நிம்மதி வருகிறதே என்று பயமும் வந்தது.

ஞானகுமாரி அப்போதுதான் சீப்பைப் பார்த்தாள். "சித்தி" என்றாள். ஜெயகுமாரியின் தோளில் முகத்தை வைத்து உடம்பு குலுங்க அழுதாள்.

"பொட்டிலயே வச்சிடுங்க. போனவங்க தல வார்ன சீப்பு ஊட்ல இருக்கக் கூடாது" என்றாள் வடிவு, எதிர்பார்த்தபடியே. பிறகு எதிர்பார்க்காததையும் சொன்னாள்: "கூடப் பொறந்தவ கூட இத்தெல்லாம் நெனச்சிப் பாக்க மாட்டா."

சீப்பு பெட்டியில் தெரசாவின் தலைமாட்டில், பூவுக்குப் பக்கத்தில் இருந்தது. கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது தூறல் விழுந்தது. மூடுவதற்கு முன் எல்லோரும் ஒரு தடவை முகம் பார்த்தார்கள். அருள்தாஸ் குனிந்தான். நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு நிமிர வேண்டியவன், தலைமாட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். சீப்பை எடுத்துவிடுவானோ, யார் வைத்தது என்று கேட்பானோ என்று ஜெயகுமாரி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியசாமி தம்பியின் தோளைப் பிடித்து விலக்கினார்.

மண் தள்ளிவிட்டு ஒவ்வொருவராகக் கை கழுவப் போனபோதுதான் அவன் அவளிடம் வந்தான்.

"நீயா வார்ன?"

அவள் தலையை ஆட்டினாள்.

"தலைக்குன்னுதான் வாங்கினேன் ஜெயா. ஒரு நாளு கூட வாரினதில்ல. ஒடஞ்சிடும் ஒடஞ்சிடும்னே இருந்திச்சி." மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டான். "நீ வாரி அனுப்பிட்ட."

அத்தனை பேர் எதிரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் கூடத் தள்ளியே நடக்கிறவன். இந்தக் கைக்காகத்தான் அவள் டிசம்பர் டிசம்பராக வெந்தது. கேட்டைத் தாண்டும்வரை அவன் விடவில்லை. விட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. எப்போதும் தெரசாவுக்கு அவன் கொடுக்க நினைத்ததை, இவள் வேரோடு பிடுங்கிப் போடப் போன கையாலேயே கொடுத்துவிட்டாள். செத்தும் தெரசா ஜெயித்துவிட்டாள், மகராசி.

வீட்டுக்கு வந்து தலை முழுகியதும் வடிவு வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது. சாப்பிட்டு எல்லோரும் கூடத்தில் மூலைக்கொருவராகச் சாய்ந்திருந்தார்கள். ஜெயகுமாரி சமையலறையை ஒழிக்கப் போனாள். சட்டியிலிருந்த மாவு புளித்துவிட்டது, அதைக் கொட்டினாள். செய்தித்தாளில் கிடந்தவை மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தன. துக்க வீட்டில் இந்த வருஷம் பலகாரம் கிடையாது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று அவள் கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். தெரசா கடைசியாகச் சுருட்டியதை எப்படிக் குப்பையில் போடுவது, பண்டிகைக்காக இல்லை, சும்மா பொரித்து வை என்றான் அருள்தாஸ்.

இரண்டு குவியலையும் ஒன்றாகக் கொட்டிப் பொரித்தாள். பாகு காய்ச்சி ஊற்றிப் புரட்டினாள். ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்தில் புகையும் அவசரமும்தான், டின் டின்னாகப் போட்டு மூடுகிற வேலைதான். இன்று கொஞ்சம்தான் இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அகலத் தட்டில் பரப்பி, பாகு ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முள்கரண்டியில் சுருட்டியவற்றின்மேல் பாகு நிற்கவில்லை. அகலமான பள்ளத்தில் வழிந்து தட்டிலேயே உறைந்தது. நூல்கோடு போட்டவற்றில் ஒவ்வொரு கோட்டிலும் சர்க்கரை பிடித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

ஜெயகுமாரி அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். முதலில் சர்க்கரை நொறுங்கியது, அதற்குப் பிறகுதான் மாவு, தேங்காய்ப்பால். வேறாகத்தான் இருந்தது. அவன் சொன்னது சரிதான். ஆனால் காரணம் அண்ணியின் கையும் இல்லை, பாசமும் இல்லை. சீப்பு. மாவு அவள் பிசைந்தது, பாகு அவள் காய்ச்சியது, அந்தச் சீப்பு ஒன்றுதான் அவளிடம் இல்லாமலிருந்தது. காலையில் அது அவள் கையில் இருந்தது.

அருள்தாஸ் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தான். நேற்று தெரசா உட்கார்ந்த இடம். தட்டைப் பார்த்தான். துழாவாமல், பொறுக்காமல், ஓரத்திலிருந்து முள்கரண்டிக் கோடு போட்ட ஒன்றை எடுத்து மென்றான். பிறகு இன்னொன்று, அதுவும் அவளுடையது.

"இதுவும் நல்லாத்தான் கீது ஜெயா" என்றான்.

அவள் வாயில் இன்னும் அந்தச் சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது. தட்டுக்குள் விரலை விட்டு, நூல்கோடு போட்டதாக ஒவ்வொன்றாகத் தேடி, அவன் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.