சிட்டுவுக்கு இன்றைக்கு ஆபரேஷன்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மறுபடியும் பனி பூத்திருந்தது. அம்மாவின் முகம் தெரியட்டும் என்று கோகிலவாணி துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சங்ககிரி நாய் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் தெய்வநாயகி. பத்து மணிக்கு ஆபரேஷன், வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொல்லியிருந்தேன், பத்தரை ஆகிவிட்டது, மயிலம்மாள் போனை எடுக்கவில்லையே என்றார்.

"அம்மா நேத்து சாயந்தரம் தவறிட்டாங்க டாக்டர்."

இந்த நேரத்தில் இதைச் சொல்வது தப்புதான், சொல்லாமல் விட்டால் அதைவிடப் பாவம் என்று தயங்கித் தயங்கித்தான் டாக்டர் சொன்னார். நாயின் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் பார்த்தது. உள்ளே உடைந்துவிட்டால் அப்புறம் யார் கையிலும் இல்லை. மத்தியானத்துக்குள் கொண்டுவந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், நாளைக்கு என்றால் உறுதி சொல்ல முடியாது.

கோகிலவாணி கொல்லைப்பக்கம் போனாள். சிட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. கழுத்துப் பட்டையில் ஒரு சிவப்புக் கண்ணாடி வளையல். அது கந்தம்மாள் அத்தையின் வேலை. வயிறு பெருத்ததைப் பார்த்துவிட்டு, சினை நாய்க்கு வளைகாப்பு என்று போன வாரம் சிரிக்கச் சிரிக்கக் கட்டிவிட்டிருந்தாள். வீடே குட்டிக்குக் காத்திருந்தது. பாலும் முட்டையுமாக ஊட்டினார்கள். மயிலம்மாள் ஒருத்திதான் இது சினை இல்லை என்றாள். குண்டா குண்டாவாகத் தண்ணீர் குடிக்கிறது, பின்னால் நாற்றம் அடிக்கிறது, அது எனக்குத் தெரிந்த நாற்றம்தான் என்று மகளிடம் போனில் சொன்னாள். யார் பேச்சையும் கேட்காமல் ஸ்கூட்டியின் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிக்கொண்டும் போய்விட்டாள்.

தெரிந்த நாற்றம்! தெரியாமல் என்ன? ஒன்றரை வருஷமாக அவளுக்கும் அதுதானே. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சேலத்து டாக்டரம்மா எழுதியே கொடுத்தாள். வீட்டில் என்ன சொன்னார்கள்? ஆடியில் கத்தி வைக்கக் கூடாது. ஆடி போனதும் தீபாவளி லோடு; லாரி புக்கிங் ஆபீசை விட்டுவிட்டு அப்பா குழந்தைவேல் ஆஸ்பத்திரியில் உட்கார முடியாது. அதுவும் போனதும் கந்தம்மாள் மகன் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டது மயிலம்மாள்தான், மணிக்கொரு தரம் உள்ளே போய்த் துணி மாற்றிக்கொண்டு. கோகிலவாணி மட்டும் என்ன கிழித்தாள்? நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு போம்மா போம்மா என்று போனில் கத்தியதோடு சரி.

பந்தலில் அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்திலிருந்த கந்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"நாய்க்கு வந்த வாழ்வப் பாரு. பெத்தவ பொட்டிக்குள்ள கெடக்கறா, மக நாயத் தூக்கிட்டுப் போறாளாமா. ஊரு காறித் துப்பாது?"

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஜலகண்டாபுரத்திலிருந்து அம்மாவின் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வரும். அது வந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், மகள் வாய்க்கரிசி போடுவாள். இப்போது போனால் அதெல்லாம் கிடையாது. இந்த முகத்தை இனிமேல் பார்க்கவே முடியாது.

குழந்தைவேல் அழுது வீங்கிய கண்ணோடு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் தணிவாகத்தான் இருந்தது.

"மூணாம் நாள் முடியட்டும் சாமி. பொறவு பாத்துக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையில் கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. கையை உருவிக்கொண்டாள்.

"அம்மாகிட்டயும் இதையேதானுங்கப்பா சொன்னீங்க. ஆடி முடியட்டும், லோடு முடியட்டும், கல்யாணம் முடியட்டும்னு. எல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்க. அம்மாதான் இல்ல."

கந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் வாயைப் பொத்தியிருக்க வேண்டியவள்.

கோகிலவாணி உள்ளே போய் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துவந்தாள். யாரையும் கேட்கவில்லை. பெட்டி மூடியை ஒரு பக்கமாகத் தூக்கி, அந்த ஜில்லிட்ட வாயில் வைத்தாள். கன்னத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். முறை தெரியாதவள் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. இத்தனை முறையும் தெரிந்தவர்கள் சேர்ந்துதானே அம்மாவை இங்கே கொண்டுவந்து படுக்கவைத்தது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

கொட்டகைக்கு வந்து முதல் வேலையாக அந்த வளையலைப் பட்டையிலிருந்து அவிழ்த்துக் கல்லில் தட்டி உடைத்தாள். சிட்டுவைப் பழைய போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் கிடத்தினாள். நல்ல கனம். தூக்கிவிட ஒருவரும் வரவில்லை.

டாக்டர் தெய்வநாயகி வாசலிலேயே நின்றிருந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார், மயக்க ஊசி போட்டார், வயிற்று முடியைச் சிரைத்தார். கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். கோகிலவாணி படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள். உதவிக்கு இருக்கும் பெண் அன்று லீவு. அதனால் கையுறை போட்டுக்கொண்டு நாயின் தலைமாட்டில் அவளே நின்றாள்.

கர்ப்பப்பை வெளியே வந்தபோது அவளுக்கு நம்ப முடியவில்லை. இந்தச் சின்ன உடம்புக்குள் மரவள்ளிக் கிழங்கு தண்டிக்கு இரண்டு குழாய், பளபளவென்று விம்மிக்கொண்டு. டாக்டர் அதைக் கட்டி, அறுத்து, பச்சைப் பிள்ளையைப் போல இரண்டு கையாலும் ஏந்தித் தட்டில் வைத்தார். சாயந்தரம் வரை தாங்கியிருக்காது என்றார். தையல் போட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"செவ்வாக்கெழம வந்தப்பவே அம்மா மொகம் வெளுத்துக் கெடந்துச்சுங்க. நீங்க டாக்டர்கிட்ட ஒடம்பக் காட்டுனீங்களான்னு கேட்டேன். ஊட்ல சொல்லிருக்கறேன்னாங்க."

மயக்கம் தெளியும்வரை நாக்கு காய்ந்துவிடாமல் பஞ்சை நனைத்துத் தடவச் சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார். மூச்சு சீராக வந்தது. சிட்டுவின் காது ஒரு தரம் துடித்தது.

போன் அடித்தது. அப்பா. பின்னால் தப்பட்டைச் சத்தம் காதைப் பிளந்தது.

"கோடி வந்துருச்சு சாமி. எடுக்கறோம். நீ வரலியா?"

"நாயி பொழச்சுக்கிச்சுங்கப்பா." அவள் குரல் உயரவில்லை. "அறுத்து எடுத்துத் தெக்கிறதுக்கு முக்கா மணி நேரந்தானுங்க ஆச்சு."

அவர் போனை வைக்கவில்லை. தப்பட்டைச் சத்தத்தோடு சேர்ந்து அவருடைய செருப்பில்லாத நடை கேட்டது. கோகிலவாணி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பஞ்சை நனைத்து நனைத்து நாயின் நாக்கைத் தடவிக்கொண்டே, சத்தம் ஊரைத் தாண்டிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.