விண்வெளிச் செம்மலின் வாழ்க்கைக் குறிப்பு

பேரண்டம் தன்னைத் தமிழில் எழுதிக்கொள்ள ஒரு கையைத் தேடியது. அது காஞ்சிபுரத்தில் கிடைத்தது. இப்படித் தொடங்கும் மயில்வாகனத்தின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியவரும் மயில்வாகனம்தான். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றுதான் பார்த்தார். அதற்கு அவர்கள் அவருடைய விண்வெளி நாவலைப் படித்திருக்க வேண்டும்.

பிழைப்புக்குக் கம்ப்யூட்டரில் பட்டுச்சேலை டிசைன் போட்டார். மயில், மாங்காய், அன்னம். ஒருமுறை முந்தானையில் விண்கலம் வரைந்து கொடுத்தார். கடைக்காரர் அதைக் கோயில் கோபுரம் என்று சொல்லி முகூர்த்தத்துக்கு விற்றுவிட்டார். குறிப்பில் இது வரவில்லை. 'இளமையிலேயே வானை நோக்கித் தவமிருந்தார்' என்பது வந்தது. மொட்டைமாடியில் காயும் சாயநூலில் காக்கை எச்சமிடாமல் காவல் காத்த கோடை விடுமுறைகளைத்தான் அப்படிச் சொன்னார். பொய்யில்லை. அண்ணாந்துதான் உட்கார்ந்திருந்தார்.

அச்சாகி வந்த நாவல் ஒரு வருடமாகக் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. தெருவில் ஒருத்தராவது 'ஒண்ணு குடு' என்று வாய்விட்டுக் கேட்க மாட்டாரா என்ற ஏக்கம் முற்றித்தான் இந்த வெளியீட்டு விழா. தெருச் சங்கக் கூடத்தில் ஞாயிறு காலை. ஓய்வுபெற்ற பேராசிரியர் பிரேம்நாத் தலைமை. 'விண்வெளிச் செம்மல்' பட்டம். வாசலை அடைத்து நீண்ட பிளெக்ஸ், அதில் விண்வெளி வீரரின் உடை, கண்ணாடித் தலைக்கவசத்துக்குள் மயில்வாகனத்தின் மீசை.

"ஏங்க, அன்னிக்கு நம்ம பாவு தெருவுல போடறோம்," என்று வீட்டில் தறி நெய்யும் மனைவி கமலவேணி முன்பே சொல்லியிருந்தாள்.

"பேராசிரியருக்கு வேற நாள் தோதுப்படாதும்மா."

"மழ வந்துச்சின்னா?"

"வராது. பாத்துட்டேன்."

செல்போனில் பார்த்திருந்தார். அது சென்னைக்கான வானிலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

டிபன் உண்டென்று தெரிந்ததால் கூடம் நிறைந்தது. வெளியே, சேலைக்கு நெடுக்கில் ஓடவேண்டிய பட்டு இழைகள் அத்தனையும் தெரு நீளத்துக்கு, இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. பாவு நனைந்தால் பல நாள் உழைப்பு போச்சு. யார் வீட்டுப் பாவானாலும், வானம் கறுத்தால் தெருவே எழுந்து ஓடும்; தாலி கட்டும் நேரத்தில் பந்தலை விட்டு ஓடியவர்கள் இங்கே உண்டு.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். "வானத்தின் ஒவ்வோர் அசைவையும் அறிந்த..."

வாசலில் மைத்துனன் சிவராஜ் வந்து நின்றான். "மாமா, மோடம் கட்டிக்கினு வருது. பாவு நட்ட நடுத்தெருவுல கெடக்குது."

அதன் பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம்தான். பேராசிரியர் தாளிலிருந்து தலையைத் தூக்கியபோது எதிரே யாருமில்லை.

"வாசிக்கட்டுமா, வேணாமா?" என்றார் மெதுவாக.

"வாசிங்க சார்," என்றார் மயில்வாகனம். அவர் மேடையில் பேராசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தெருவில் கமலவேணியின் குரல் கேட்டது. "தார்ப்பாய் பத்தல. அந்த பிளெக்ஸ அவுருங்கப்பா."

மீசையும் தலைக்கவசமும் குப்புறப் பாவின் மேல் கவிழ்ந்தன. காற்று ஓரங்களைத் தூக்கியது.

"பாரம் எதுனா கட்டணும்க்கா," என்றது சிவராஜின் குரல்.

"உள்ள புக்கு கெடக்குது பாரு. கட்டோட எடுத்துக்கினு வா. இன்னாத்துக்கு ஆவப்போவுது."

விற்பனை மேசையில் இருந்த கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. பிளெக்ஸின் இரு ஓரத்திலும் கயிற்றில் தொங்கின. மயில்வாகனம் எழவில்லை. வாழ்க்கைக் குறிப்பில் இன்னும் அரைப் பக்கம் மிச்சமிருந்தது. பேராசிரியர், மரியாதை தெரிந்த மனிதர், வாசித்துக்கொண்டேயிருந்தார்.

சிவராஜ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். மேடையில் பட்டுத்துணி சுற்றி, வெளியிடுவதற்காக வைத்திருந்த கடைசிக் கட்டைப் பார்த்தான்.

"மாமா, ஒரு மூலைக்குக் கொறையுது. அதையும் குடேன்."

அந்த நாவலை ஒருவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. மயில்வாகனம் பட்டுத்துணியைப் பிரித்து மடித்து வைத்துவிட்டு, கட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மழை பெய்யவில்லை.