அசையாத ஊசி

அப்பாவின் பாதத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே காண்ட்ராக்டரின் கால்சட்டையைப் பார்த்தாள். இரண்டு முழங்காலிலும் களிமண் அப்பியிருந்தது, இன்னும் காயாமல்.

விடிகாலையில், அஸ்திவாரத் தூணுக்கான பைல் சோதனை நடக்கும் இடத்திலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி அப்பாவின் மூச்சு நின்றுபோயிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வண்டி பிடித்தது, வீட்டுக்குக் கொண்டுவந்தது எல்லாம் காண்ட்ராக்டர்தான். கூடப்பிறந்த தம்பிகூட இப்படிச் செய்யமாட்டான் என்று அம்மா உருகினாள். அந்த ஓட்டம்தான் அவளை உறுத்தியது. அழ வேண்டிய நேரத்தில் சந்தேகப்படுகிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

"ரீடிங் பத்திக் கவலப்படாதம்மா. ஏத்தின பாரம் அப்படியே இருக்கு. ஊசி அசையவே இல்ல. அப்பா பேர்லயே பாஸ் போட்டுடலாம்" என்றார் காண்ட்ராக்டர்.

"நீங்க பாத்தீங்களா மாமா?"

"நானா? பள்ளத்துப் பக்கமே போகல. ஆளு சொன்னான்."

அவள் மறுபடியும் அந்த முழங்கால்களைப் பார்த்தாள்.

பூமிக்குள் இறக்கிய கான்கிரீட் தூணின் தலையில் பாரம் ஏற்றி, அது எவ்வளவு கீழே போகிறது என்று டயல் ஊசியில் பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. பள்ளி விடுமுறைகளில் அவளும் கூடப் போயிருக்கிறாள். டயலைத் தாங்கும் சட்டத்தின் கால்களை அப்பா தூணைவிட்டு நன்றாகத் தள்ளித்தான் நடுவார். பக்கத்தில் நட்டால் தூணோடு சேர்ந்து அதுவும் இறங்கும். ரெண்டும் சேர்ந்து இறங்கினால் ஊசிக்கு என்ன தெரியும் என்பார்.

அந்தத் தூண்மேல் எழும்பப்போவது பிரசவ ஆஸ்பத்திரி. பாஸ் போட்டால், காலத்துக்கும் அதற்கு அப்பாதான் பதில்.

சைட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி எழுந்தாள்.

"இருந்த வரைக்கும் அந்த ஊசியே கதின்னு கெடந்தாரு. இப்ப நீயுமா?" என்றாள் அம்மா. அண்ணன் பைக் சாவியை எடுத்தான்.

பள்ளத்தில் சட்டத்தின் கால்கள் தூணை ஒட்டி நின்றன. ஊசி சமர்த்தாக இருந்தது. தள்ளி, அப்பா முதலில் நட்டிருந்த பழைய குழிகள் மண்ணில் வாய் பிளந்து கிடந்தன.

பின்னாலேயே காரில் வந்துவிட்ட காண்ட்ராக்டர் விளிம்பில் நின்றார்.

"துடைச்சுக்குங்க மாமா, முட்டியில மண்ணு."

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அண்ணனும் அவளும் கால்களைப் பிடுங்கிப் பழைய குழிகளில் நட்டார்கள். அப்பாவைப் போலவே டயல் கண்ணாடியை நகத்தால் தட்டினாள். ஊசி அசையவில்லை. வீணாக ஒரு மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று விளிம்பை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு ஊசி ஒரு கோட்டைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றை.

மேலே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"எடுக்கறதுக்குக் காத்திட்டிருப்பாங்க, வா" என்றான் அண்ணன்.

"அடுத்த ரீடிங் பாத்துட்டு வரேண்ணா."

அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி அங்கேயே இருந்தது. நான்கு கால்களும் களிமண்ணில் ஒரு விரற்கடை புதைந்திருந்தன. நகர்த்தாமல் அதில் உட்கார்ந்தாள். அது மேற்கொண்டு இறங்கவில்லை.