பெண் வீட்டார் சொல்ல வேண்டிய ஏழு பெயர்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. ஓம்துர்மான் நகரில் எங்கள் வீட்டுக்கும் ஜுமா வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். அவர்கள் இரைந்து பேசினால் நான் என்ன செய்ய?

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மணப்பெண் இக்லாஸ் கையில் மருதாணியோடு...'

வேண்டாம். வியர்த்துக்கொண்டிருந்தவர் அவள் அப்பா ஜுமா.

2

பெண் கேட்டு வருபவர்கள் ஏழு தலைமுறைப் பெயர்களை ஒப்பிப்பார்கள்; பெண் வீட்டாரும் ஒப்பிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுத்த அரபிகள்தான் என்று நிம்மதியாகலாம்.*

ஜுமாவின் தாத்தா பெயர் குகு. நூபா மலைக்காரர், அரபியே இல்லை. அந்த மலைகளில் நடப்பது புனிதப்போர் என்று அரசு வானொலி முழங்கிய வருடம் அது. பெயரைக் கேட்டே பேருந்திலிருந்து ஆட்களை இறக்குகிறார்கள் என்று பேச்சு. ஜுமா, சந்தையில் ஓர் எழுத்தரிடம் அரபு வம்சாவளித் தாள் ஒன்று எழுதி வாங்கியிருந்தார். அதில் தாத்தா பெயர் ஹமத்.

"குகுன்னு ஒளறிடாதீங்க," என்றாள் மனைவி நிமாத்.

"என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன்டி."

"இருக்கட்டும். கல்யாணம் அவருக்கா, இவளுக்கா?"

(* எங்கள் கறுப்பு நிறத்தைப் பார்த்து, இவர்களா அரபிகள் என்று கெய்ரோக்காரன் சிரிப்பான். அவனை விடுங்கள்.)

3

மாப்பிள்ளையின் பெரியப்பா ஹாஜ் பாபிகிர் தொண்டையைச் செருமினார். "எங்கப்பா இத்ரீஸ். அவரோட அப்பா ஹமத். அவரோட அப்பா..."

ஜுமாவுக்கு இஞ்சிக் காபி புரையேறியது. இத்ரீஸைத் தவிர மற்ற ஆறும் அவர் தாளில் இருந்த அதே ஆறு! அந்தச் சோம்பேறி எழுத்தர் இரண்டு வீட்டுக்கும் ஒரே பட்டியலை விற்றிருக்கிறார்.

"என்ன ஜுமா, இஞ்சி காரமா? ஒங்க ஆளுங்க பேரைச் சொல்லுப்பா."

"இக்லாஸ் அப்பா, சோறு ஆறுது," என்றது திரைக்குப் பின்னாலிருந்து நிமாத்தின் குரல்.

4

முடிவு அ: 'ஹமத்' என்கிறார். பங்காளியாயிற்றே என்று ஹாஜ் கட்டிக்கொள்கிறார்.

(நடக்காது. தன் அப்பாவுக்கு ஜுமாவின் அப்பா என்றொரு தம்பியே கிடையாது என்பது ஹாஜுக்குத் தெரியாதா? தன்னுடைய தாளும் சந்தைச் சரக்கு என்பது ஜுமாவுக்குத் தெரிந்துவிட்டது என்றும் புரியும். பயந்த மனிதன் என்ன வேண்டுமானாலும் செய்வான்.)

முடிவு ஆ: 'குகு' என்கிறார். ஹாஜ் செருப்பைத் தேடுகிறார். ஹாஜின் மச்சான் பாதுகாப்புத் துறையில். மறுநாள் காலை ஜுமா வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து

5

"எங்கப்பா சுலைமான்," என்றார் ஜுமா. குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அவரோட அப்பா ____________"

கோடிட்ட இடத்தை நான் நிரப்பப் போவதில்லை. என் கையெழுத்து இந்தத் தெருவுக்கே தெரியும். உங்களுடையது தெரியாது. எழுதுங்கள்.

பென்சிலால்.