பத்து நிமிட உருளைக்கிழங்கு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு சமையல் மேதை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் குழுவிலும் இதைப் பெரும்பாலும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயின்ட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் திட்டமிடல் பிரிவு மேலாளராக இருக்கிறேன். எந்த டிரம் எந்த லாரியில் எப்போது ஏற வேண்டும் என்று சொல்வது என் வேலை. ஏற்றுவது வேறு ஆட்களின் வேலை. இந்த ஏற்பாட்டிலேயே தலை நரைத்ததில், உலகத்தில் எந்தக் காரியமும் சொன்ன மாத்திரத்தில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு வந்திருந்தேன். ஆகவே, வங்கியில் வேலை பார்க்கும் என் மனைவிக்குப் பதவி உயர்வு கிடைத்து, அவள் வீடு திரும்பவே இருட்டிவிடும் என்று ஆனபோது, ராத்திரிச் சமையலை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட செய்தியை உடனே குழுவில் அறிவித்தேன்.

அறிவிப்போடு நிற்கவில்லை. தினமும் தட்டைப் படம் எடுத்துப் போட்டேன். மேலே ஒரு தலைப்பு: 'பத்தே நிமிடம். எளிய பொருட்கள். உழைக்கும் குடும்பங்களுக்காக.' கீழே செய்முறை: 'வேகவைத்துத் தோலுரித்த உருளைக்கிழங்கு நான்கு, நறுக்கிய வெங்காயம் ஒரு கிண்ணம், அரைத்த தக்காளி அரைக் கிண்ணம், அவித்து உரித்த முட்டை இரண்டு. எல்லாவற்றையும் வாணலியில் போட்டுக் கிளறி இறக்கவும். உப்பு தேவையான அளவு.' முடிவில் தவறாமல் ஒரு தத்துவ வரி. 'சமையல் என்பது கைவேலை அல்ல, திட்டமிடல்' என்ற வரிக்கு மட்டும் ஏழெட்டுப் பேர் கைகூப்பியிருந்தார்கள்.

இந்தப் பொருட்களெல்லாம் எங்கள் வீட்டு பிரிட்ஜின் நடுத்தட்டில், நீல மூடி போட்ட டப்பாக்களில் இருந்தன. எப்போதும் இருந்தன. எப்படி வந்தன என்று நான் யோசித்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்காக யாரும் மலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை அல்லவா.

குழுவில் என்னைப் பாராட்டாத ஒரே ஆள் அத்தான், என் அக்காவின் கணவர். காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒருமுறை, எந்தச் சாலையில் எப்படிப் போனால் நேரம் மிச்சமாகும் என்று காகிதத்தில் கோடு போட்டு விளக்கியிருக்கிறேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க மேனேஜர்" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு மேனேஜர்தான். என் சமையல் படங்களுக்கும் அதே பதில்தான் வரும்: 'சரிங்க மேனேஜர்.'

அந்த அத்தான், வாழ்நாள் முழுக்கப் பேருந்தில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர், பல்பு மாற்ற ஏறிய ஸ்டூலிலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. என் மனைவி அப்போது ஒரு வாரப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், தட்டைப் பார்த்தாலே முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிறார்டா. தண்ணி மட்டும்தான் இறங்குது. இன்னிக்கு மத்தியானம் ரெண்டு வாயாவது சாப்பிடலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுடுவேன்னு டாக்டர் சொல்லிட்டார். அதைக் கேட்டதுலேருந்து பேசக்கூட மாட்டேங்கிறார்."

"அழாதேக்கா. நான் என்ன பண்ணணும் சொல்லு."

"வீட்டுச் சாப்பாடு வேணும். நான் இவரை விட்டு நகர முடியாது. நீதான் தினம் பண்றியே, அந்த உருளைக்கிழங்கு முட்டை. கொஞ்சம் சோறும் வெச்சு, டாக்டர் வர்றதுக்குள்ள கொண்டு வாடா."

"இதென்னக்கா பெரிய விஷயம், பத்து நிமிஷ வேலை" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. பழக்கத்தில் என் வாய் தானாகச் சொன்னது.

பிரிட்ஜைத் திறந்தேன். நீல மூடி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாம் காலி. காலியான டப்பாவை மூடி போட்டு மறுபடி உள்ளே வைப்பது என் பழக்கம். ஒன்றின் அடியில் ஒரே ஒரு வெங்காயத் துண்டு, என்னைப் பார்த்து வெட்கப்பட்டது போல ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கடையில் வாங்கிப் போனால் என்ன என்ற எண்ணம் வராமல் இல்லை. ஆனால் அத்தான் பாதி வாழ்க்கையைச் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் கழித்தவர். கடை எண்ணெயின் வாசம் வார்டு வாசலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

கூடையில் உருளைக்கிழங்கு இருந்தது. மண் ஒட்டியிருந்தது. இவற்றுக்கும் என் உருளைக்கிழங்குகளுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று ஊகித்து, கழுவி, நறுக்கி வாணலியில் போட்டேன். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். எங்கே தோல் முடிகிறது, எங்கே வெங்காயம் தொடங்குகிறது என்று பிடிபடாமல் உரித்துக்கொண்டே போனதில், கடைசியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று மிஞ்சியது. அவித்த முட்டையை மேடையில் தட்டி உரிப்பது என் வழக்கம். அதே உற்சாகத்தோடு முட்டையைத் தட்டினேன். என் செய்முறையைப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்த போனின் மேல் அது வழிந்து ஓடியது. மஞ்சள் கருவுக்கு அடியில் 'திட்டமிடல்' என்ற சொல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'தேவையான அளவு' என்று எத்தனை முறை கம்பீரமாக எழுதியிருக்கிறேன். யாருக்குத் தேவையான அளவு என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

இதற்குள் உருளைக்கிழங்கு வெளியே கறுத்து, உள்ளே கல்லாகவே இருந்தது. போனைத் துடைத்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, உங்க அத்தான் எப்படி இருக்கார்?"

"சொல்றேன். முதல்ல இதைச் சொல்லு. உருளைக்கிழங்கு வேக எவ்வளவு நேரம் ஆகும்?"

"பச்சைக் கிழங்கா?"

"வேற என்ன கிழங்கு?"

"இல்ல, உங்க குறிப்புல அது வெந்தேதானே வரும். அதான் கேட்டேன்."

பின்னால் பத்துப் பதினைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"யாரு அங்க?"

"பயிற்சிக்கு வந்தவங்க. டீ நேரம். ஒரு கையில டீ, ஒரு கையில பிஸ்கட், அதான் ஸ்பீக்கர்ல போட்டேன்."

"பத்து நிமிஷ சாரா?" என்றது ஒரு பெண் குரல். "சார், உங்க படமெல்லாம் மேடம் காட்டுவாங்க. உங்க வீட்டு வெங்காயம் மட்டும் எப்படி சார் தானாவே நறுக்கிக்குது?"

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன், ஸ்பீக்கரில் அது எதற்கும் உதவாது என்று தெரிந்தும். "அந்த டப்பாவெல்லாம் நீயா வெச்சே?"

"பின்ன, பிரிட்ஜா பெத்துப் போட்டுது?"

"எப்ப வெச்சே?"

"ஞாயித்துக்கிழமை காலையில. நீங்க ஹால்ல உட்கார்ந்து தத்துவ வரி யோசிச்சிட்டு இருப்பீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க கேட்டீங்க? அதோட ரொம்ப சந்தோஷமா வேற எழுதிட்டு இருந்தீங்க."

அத்தானின் நிலையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வங்கி வாடிக்கையாளருக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். குக்கரில் அடியில் கிழங்கும் முட்டையும், மேல் தட்டில் அரிசி, தண்ணீர் இவ்வளவு, மூடியில் மறக்காமல் ரப்பர் வளையம். நான் மேலாளர், நீண்ட உரைகளில் முக்கியமானதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வேன். ரப்பர் வளையம் எனக்கு அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை.

குக்கர் விசில் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக மூடியைச் சுற்றி நாலாபக்கமும் ஆவி விட்டுக்கொண்டு, கிளம்ப மனமில்லாத ரயில் எஞ்சின் மாதிரி நின்றது. விசிலுக்காக நான் பயபக்தியோடு காத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தபோது, சிங்க் பக்கத்து ஆணியில் ரப்பர் வளையம் சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நேரம் முடிந்துவிட்டது. பசையான சோறு, பாதி வெந்த கிழங்கு, ஏற்கெனவே கறுத்த கிழங்கு, விரிசல் விட்ட முட்டை, பொத்தான் வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறி டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடினேன்.

அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ட்ரேயில், உறை பிரிக்காத மெல்லிய குழாய் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். அக்கா டப்பாவைத் திறந்தாள். மூடப் போனாள். பிறகு வேறு வழியில்லாமல் திறந்தாள்.

"என்னடா இது?" என்று கிசுகிசுத்தாள். "குழுவுல போடுற படத்துல இப்படி இருக்காதே."

"முட்டை போன் மேல ஊத்திடுச்சுக்கா."

சுவரைப் பார்த்திருந்த தலை மெதுவாகத் திரும்பியது.

"எது மேல?" என்றார் அத்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா கேட்ட மிக நீளமான பேச்சு அதுதானாம்.

"போன் மேல அத்தான். அவிச்ச முட்டைன்னு நினைச்சுத் தட்டிட்டேன்."

அவர் உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. அக்கா புத்திசாலி. அந்த வாய் திறந்த நொடியில் ஒரு கரண்டியை உள்ளே வைத்துவிட்டாள். அவர் மென்றார். விழுங்கினார்.

"அப்புறம்?"

வெங்காயத்தைச் சொன்னேன். இரண்டாவது கரண்டி போனது. நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, சொல்லு சொல்லு என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். கதை பயிற்சி வகுப்புக்கு வந்தபோது அத்தான் கையை உயர்த்தினார்.

"இரு. பேங்க்காரங்க எல்லாருமா கேட்டாங்க?"

"எல்லாரும் அத்தான்."

"அந்த வெங்காயம் கேட்ட பொண்ணு என்ன சொல்லுச்சு, அதை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். கறுத்த கிழங்கு இறங்கியது. ரப்பர் வளையக் கதைக்குப் பசையான சோறு முழுவதும் இறங்கியது. ஊறுகாய், அப்பளம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. என் மானத்தையே தொட்டுக்கொண்டு அவர் டப்பாவைக் காலி செய்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குழாய் இருந்த ட்ரேயை எடுத்துப் போகச் சொன்னார்.

"பரவாயில்லையே. என்ன சாப்பாடு?"

"மேனேஜர் சாப்பாடு" என்றார் அத்தான். "நாளைக்கும் வருவார்."

மறுநாள் நான் ஒழுங்காகத் திட்டமிட்டேன். அதாவது மனைவி சொன்னதைச் சொன்னபடியே செய்தேன். ரப்பர் வளையத்தை முதலில் மாட்டினேன். வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கினேன். பத்து நிமிடத்தில் அது நடக்காது, மண்ணைக் கழுவவே அவ்வளவு ஆகும். கிழங்கு பூவாக வெந்திருந்தது. முட்டை முழுசாக உரிந்தது. பழக்கத்தில் படம் எடுத்தேன். குழுவில் போடவில்லை, இதை நிஜமாகவே நான் செய்திருந்ததால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அத்தான் தலையணையில் சாய்ந்து தயாராக உட்கார்ந்திருந்தார். முதல் கரண்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ம். இன்னிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை அத்தான். நல்லா வந்திருக்கு."

அவர் முகம் வாடியது. அடுத்த கரண்டிக்கு வாய் திறக்கவில்லை. "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கினார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், குழாய் இருந்த ட்ரே திரும்பி வருவது தெரிந்தது.

"விசில் மட்டும்தான் பறந்து போச்சு" என்றேன்.

தலை நின்றது. "எங்க பறந்துச்சு?"

"கூரையில இடிச்சு, ஜன்னல் வழியா கீழ்வீட்டு பால்கனிக்கு. அங்க மீசைக்குச் சாயம் பூசிக்கிட்டு உட்கார்ந்திருந்தார் எங்க குடியிருப்புச் சங்கத் தலைவர்."

"அவரா? அந்த மீசையா?" அத்தான் வாயைத் திறந்தார்.

குழுவில் இத்தனை நாளும் நன்றாகச் சமைத்ததாகப் பொய் சொல்லி வந்தவன், முதன்முதலாக நன்றாகச் சமைத்த அன்று, மோசமாகச் சமைத்ததாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். குழுவில் சொன்னதை விட இது சுலபமாகவே வந்தது. தலைவரின் பாதி கறுத்த மீசை வரைக்கும் வந்தபோது டப்பாவில் பாதி காலி.

அக்கா கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் போட்டுப் பார்த்தாள். என் காதருகே குனிந்தாள்.

"டேய், நிஜமாவே நல்லாருக்குடா."

"மெதுவாப் பேசுக்கா" என்றேன். "அவர் காதுல விழுந்துடப் போகுது."