ஹேண்ட் பிரேக் போட்டவள்

ஸ்பெயினின் செவில் நகரத்தில் எங்கள் தெருவில் ஓரமாக வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அது லாட்டரி. கிடைக்காதவர்கள் நிற்கிற வண்டிகளை மறித்து இரண்டாம் வரிசையில் நிறுத்துவோம். ஒரே விதி, நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். உள்ளே மாட்டியவர் நம் வண்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார். இதை மீறியவர்களை முப்பது வருடமாகப் பால்கனியிலிருந்து நான் திட்டிய திட்டுக்கு அளவில்லை.

அன்று எட்டேமுக்காலுக்கு விடாமல் ஹாரன் அலறியது. எதிர்வீட்டு நிவேஸ் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு அழாத குறையாக இருந்தாள். ஒன்பதரைக்கு அரசு வேலைத் தேர்வு. பிந்தினால் கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டு முறை கோட்டை விட்டவள், வயது முப்பத்தெட்டு, இனிமேல் எழுதப்போவதில்லை என்று சொல்லியிருந்தாள். காப்பிக்கடை எலாதியோ முக்கித் தள்ளியும் மறித்து நின்ற வண்டி அசையவில்லை.

"எந்த மடச்சாம்பிராணிடா பிரேக்கைப் போட்டது?" என்று கத்தினேன்.

எலாதியோ நிமிர்ந்தான். "எங்கார்னா அக்கா, கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க. இது உங்க வண்டி."

என் கணவர் அவுரேலியோவின் வண்டி அது. அவர் இறந்து எட்டு மாதம். ஐம்பத்தொன்பது வயதில் ஓட்டக் கற்று, முந்தைய நாள்தான் முதல் தடவையாகத் தனியாக மூன்று தெரு சுற்றி வந்திருந்தேன். பயிற்சிப் பள்ளியில் படித்ததைக் கை தானாகச் செய்துவிட்டது.

கண்ணாடியை மாட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு கீழே ஓடினேன்.

"ஊரையே திட்டினீங்களே, இப்ப உங்களை யாருக்கா திட்டறது?" என்றான் எலாதியோ.

"அப்புறமா நீயே திட்டிக்கடா, இப்ப நகரு."

என் வண்டியை முன்னால் எடுத்தேன். ஹாரன் அடித்தே நிவேஸின் பழைய பேட்டரி செத்திருந்தது. சாவியைத் திருப்பினால் டிக்டிக் என்றது. டாக்சி வர அரைமணி ஆகும் என்றான் எலாதியோ. நிவேஸ் என் வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"எடுங்கக்கா."

"ஏடி, நான் ஆத்துப் பாலமே தாண்டினதில்லடி!"

"வழி நான் சொல்றேன். எடுங்க."

பாலத்தில் பின்னால் வந்தவன் என் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினான். ஸ்டியரிங்கை விடப் பயந்து பதில் மரியாதை செய்யாமல் விட்டேன். "லெஃப்ட்டுக்கா, மெதுவா" என்று நிவேஸ் வழி சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒன்பது இருபத்தாறுக்குத் தேர்வு நடக்கும் கட்டட வாசலில் இறங்கி, கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு ஓடினாள். அவள் உள்ளே போன பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவுரேலியோ ஒருநாள்கூட இந்தச் சாவியை என் கையில் தந்ததில்லை. இவள், வேறு வழியில்லாமல்தான் என்றாலும், என்னை நம்பி ஏறினாள்.