மறைத்து வைத்த ஆறு

நீரை ஆளத் தெரிந்த இனமே நிலத்தை ஆளும். அணை கட்டாத மக்களுக்கு வரலாற்றில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. பெஷ்-தெரெக் ஊர்த் தலைவர் ஷர்ஷென்பெக் அணை கேட்கும் மனுவுக்காக இந்த இரண்டு வாக்கியங்களை எழுதி முடிக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். ஊர் நடுவே ஓடும் ஆற்றை மறைத்து வைக்க இமானலிக்கு அரை நாள்தான் ஆயிற்று.

இமானலி அந்த ஊரின் மிராப். எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை வைத்து மடை திறப்பது அவர் வேலை. அவருடைய சொந்த பீன்ஸ் வயல் வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தது. மே மாதம் பனி உருகும்போது ஆறு கரை புரண்டு ஓடும். அப்போது பீன்ஸுக்கு வயது ஒரு வாரம், அதற்குத் தண்ணீர் தேவையில்லை. ஆகஸ்டில் காய் பிடிக்கும்போது ஆற்றில் கல் மட்டும் இருக்கும். இரண்டு வருடமாகச் செடி நின்ற நிலையிலேயே காய்ந்துபோனது.

"இன்னொரு ஆகஸ்ட் இப்படிப் போச்சுன்னா நான் பிஷ்கெக்ல அக்காவோட தையல் பட்டறைக்குப் போயிடுவேன்" என்று மனைவி துமார் சொல்லியிருந்தாள். "நீ இங்கயே இருந்து கல்லுக்கு முறை வச்சு விடு."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. பழைய சூட்கேஸின் அறுந்த பிடியைத் தைத்து வைத்துவிட்டாள்.

ஆகவே அணை வேண்டும். மே மாதத்து வெள்ளத்தைப் பிடித்து ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இது ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்களுக்கு எழுதியதுதான் மனு.

மூன்று வருடத்துக்கு முன் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு குழு வந்தது. ஜூன் முதல் வாரம். குழுத் தலைவர் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்து, "இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டா தண்ணி இல்லன்னு எழுதினீங்க?" என்று கேட்டு, ஆட்டுக்கறியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த முறையும் குழு மே மாதக் கடைசியில் வருவதாகத் தகவல். ஆகஸ்டில் அதிகாரிகள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏரிக்கரையில் இருப்பார்கள்.

"போன தடவை பண்ணின தப்ப இந்தத் தடவை பண்ணக் கூடாது" என்றார் ஷர்ஷென்பெக், அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு. "ஆத்துல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது, இமானலி அண்ணே."

"மே மாசத்துலயா? தலைவரே, எங்க கொண்டுபோய் வைக்கிறது அத?"

"மேல இரும்பு மதகு இருக்குல்ல. அத இறக்கு. தண்ணி பழைய பள்ளத்து வழியா தாஷ்-கோரோ பக்கம் போகட்டும். ஒரே ஒரு நாள்."

"அங்க என் சம்பந்தி இருக்காரு."

"அவருக்கு நீச்சல் தெரியாதா?"

தலைவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. விருந்தில் கை கழுவ ஊற்றும் தண்ணீரை விருந்தாளிக்கு ஒரு கரண்டி வீதம் என்று நிர்ணயித்தார். தேநீரையும் குறைத்து ஊற்றலாம் என்று பார்த்தார். ஆனால் கிண்ணத்தில் பாதிக்கு ஊற்றுவதுதான் மரியாதை என்பதால், அதற்கும் குறைத்தால் மரியாதைதான் கூடும் என்று துமார் எடுத்துச் சொன்னாள். அந்த யோசனை கைவிடப்பட்டது.

குழு வருகிற நாள் விடிந்ததும் இமானலி மலையேறி, துருப்பிடித்த சக்கரத்தைச் சுற்றி மதகை இறக்கினார். ஆறு ஒரு நிமிடம் தயங்கி நின்றது. பிறகு, சொன்னால் கேட்கிற மாடு மாதிரி, பழைய பள்ளத்துக்குள் திரும்பியது. மதியத்துக்குள் ஊரில் ஆறு இல்லை. வாத்துகள் கல்லின் மேல் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

குழுவில் இரண்டு பேர். தலைவராக வந்தவர் துணை இயக்குநர். வெயிலுக்குப் பயந்து வண்டியை விட்டு இறங்க யோசிக்கிறவர். இன்னொருவர் பெகிமை என்ற இளம் பொறியாளர். அவள் இறங்கின கையோடு ஆற்றுப் படுகைக்குப் போனாள்.

ஷர்ஷென்பெக் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். நீரை ஆளத் தெரிந்த இனம் நிலத்தை ஆண்டது. நாகரிகங்கள் வந்தன, போயின. இருபது நிமிடம் கழித்துப் பேச்சு பெஷ்-தெரெக்குக்கு வந்து சேர்ந்தது.

"எங்கள் ஆற்றைப் பாருங்கள். மே மாதத்திலேயே இந்தக் கதி. ஒரு சொட்டு இல்லை!"

பெகிமை நிமிர்ந்தாள். "மே மாசத்துலயே இல்லன்னா, எப்பதான் இருக்கும்?"

"எப்பவும் இருக்காது" என்றார் ஷர்ஷென்பெக், பெருமையோடு.

"வருஷம் பூராவுமா?"

"வருஷம் பூராவும். எழுதிக்கோங்க."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு மெதுவாகவே கேட்டாள்: "அப்ப அணையில எத நிறுத்துறது, அண்ணே?"

இமானலிக்கு அப்போதுதான் புரிந்தது. மலை மேல் அவர் திருப்பிவிட்டது தண்ணீர் மட்டுமல்ல. மே மாதத்தில் வீணாகப் போகிற அந்த ஆறுதான் அணைக்கு ஒரே சாட்சி. அதைத் தன் கையால் சக்கரம் சுற்றி ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறார்.

"மேடம், நேத்து வரைக்கும் இங்க…" என்று ஆரம்பித்தார்.

ஷர்ஷென்பெக் அவர் காலை மிதித்தார். "நேத்து வரைக்கும் இங்க எங்க ஜனங்க அழுதுகிட்டு இருந்தாங்கன்னு சொல்ல வர்றாரு."

விருந்து முடிந்தது. கரண்டித் தண்ணீரில் கழுவிய கைகளில் கொழுப்பு அப்படியே இருந்தது. துணை இயக்குநர் விரல்களை விரித்தபடியே வண்டியில் ஏறினார். நெடுஞ்சாலைக்குக் குறுக்கு வழி காட்ட இமானலியைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். குறுக்கு வழி தாஷ்-கோரோ வழியாகத்தான் போகிறது என்பது அவருக்கு வண்டி திரும்பிய பிறகே உறைத்தது.

தாஷ்-கோரோ பாலத்துக்கு முன் வண்டி நின்றுவிட்டது, பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடியதால். சம்பந்தி ஜோல்ச்சு முழங்கால் வரை சேற்றில் நின்று, உருளைக்கிழங்கு வயலுக்குள் தண்ணீர் புகாமல் மண் அணைத்துக்கொண்டிருந்தார். துணை இயக்குநர் ஓடிப்போய் முதலில் இரண்டு கையையும் நன்றாகக் கழுவினார். அன்று முழுவதும் அவர் முகத்தில் வராத மலர்ச்சி அப்போது வந்தது.

"இது எப்பவும் இப்படித்தானா, பெரியவரே?" என்று பெகிமை கேட்டாள்.

ஜோல்ச்சு வண்டிக்குள் பார்த்தார். பின் இருக்கையில் சம்பந்தி இமானலி, தொப்பியை மூக்கு வரை இறக்கியபடி. ஜோல்ச்சு மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஆனால் அரசாங்கத்தை அறுபது வருடமாகப் படித்தவர்.

"மே மாசம் வந்தா இப்படித்தாம்மா. ஆகஸ்ட்ல ஆட்டுக்குக் குடிக்கத் தண்ணி இருக்காது. யாராவது இதப் பிடிச்சு வச்சா நல்லா இருக்கும்னு நாங்க பாமர ஜனங்க நெனச்சுக்குவோம்."

பெகிமை இடுப்பளவு ரப்பர் பூட்ஸ் போட்டு, கம்பின் நுனியில் சுழலும் கருவியோடு இறங்கினாள். பல இடத்தில் நீரோட்டத்தை அளந்தாள். "இதுதான் சார் நான் தேடினது" என்றாள். இமானலி வாயைத் திறந்தார். திறந்தால், மதகை இறக்கியது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஜோல்ச்சு, குதிரை இறைச்சித் தொத்திறைச்சி ஒரு முழம் எடுத்துக்கொண்டு இமானலி வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு படிவமும், இரண்டு பிரதியாக.

"எங்க ஊருக்கு அணை, சம்பந்தி" என்றார். "மேல் ஊரு மிராப் ஒரு சான்று தரணுமாம். அன்னிக்கு அளந்த தண்ணி வழக்கமா ஓடுறதுதான்னு."

"அந்தப் பள்ளத்த ஆடு கால் நனையாம தாண்டும். உமக்குத் தெரியாதா?"

"தெரியும். மதக இறக்கினது யாருன்னும் தெரியும். அதையும் எழுதணும்னா எழுது, இடம் நெறைய விட்டிருக்கான்."

"கட்டின பிறகு அணையில என்னத்த நிறுத்துவீங்க?"

"அணைய மொதல்ல கட்டட்டும். காலியா கெடந்தா அவங்களுக்குத்தான் அசிங்கம். உங்க ஆத்த நிரந்தரமா எங்க பக்கம் திருப்ப இன்னொரு திட்டம் போடுவாங்க." ஜோல்ச்சு தேநீரை ஊதிக் குடித்தார். "உன் பொண்ணு எங்க வீட்லதானே இருக்கா. அவ வயலுக்குத் தண்ணி வந்தா உனக்குக் கசக்குதா?"

துமார் உள்ளேயிருந்து பேனாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "எழுது" என்றாள். "உண்மைய எழுதுறியா, பொய்ய எழுதுறியான்னு நான் பாக்கப் போறதில்ல. எனக்கு பிஷ்கெக் பஸ் எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சா போதும்."

இமானலி படிவத்தை இரண்டு முறை படித்தார். உண்மையை எழுதினால் தலைவர் மாட்டுவார், தானும் மாட்டுவார், மகள் புகுந்த வீட்டில் தலைகுனிவாள். அதற்கப்புறமும் பெஷ்-தெரெக்குக்கு அணை வராது. அங்கே வருடம் பூராவும் தண்ணீர் இல்லையென்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

அளவு வழக்கமானது என்ற கட்டத்தில் குறியிட்டார். இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இத்திட்டத்தால் சான்றளிப்பவரின் நிலத்துக்குப் பாதிப்பு ஏதும் உண்டா?

இல்லை என்று எழுதினார்.